செடிக்குப் பேன் பார்த்தவர்

மில்லிமீட்டர் என்று ஊரே கூப்பிடும் சலூன்காரரின் சட்டைப் பையில் பேனாவுக்குப் பதிலாக ஆறு அங்குல எஃகு ஸ்கேல் ஒன்று செருகியிருக்கும். வந்து உட்காருகிறவரின் இரண்டு கிருதாவும் ஒரே மட்டத்தில் நிற்கின்றனவா என்று அளந்து பார்த்த பிறகுதான் போர்த்திய துணியை உதறுவார். ஒரு மில்லிமீட்டர் ஏறியோ இறங்கியோ இருந்தால் ஆளுக்கு விடுதலை கிடையாது. இடது பக்கம் கொஞ்சம், வலது பக்கம் கொஞ்சம், மறுபடி இடது பக்கம் என்று சமன் செய்துகொண்டே போய், கிருதாவோடு வந்த சிலர் கிருதா இல்லாமல் வீடு திரும்பியதும் உண்டு. ஆனாலும் இல்லாத அந்த இரண்டு கிருதாவும் துல்லியமாக ஒரே அளவில் இல்லாமல் இருந்தன. அந்தப் பெருமையை அவரிடமிருந்து யாராலும் பறிக்க முடியவில்லை.

முப்பத்தொரு வருடத் தொழில். இரண்டு நாற்காலி போட்ட சலூன்; அதில் ஒன்று சுற்றும், மற்றது சுற்றுவதாகச் சொல்லிக்கொள்ளும். எதிரெதிராக இரண்டு கண்ணாடி. கண்ணாடிக்குக் கீழே படிகாரக் கட்டி, பிரஷ், தண்ணீர் தெளிக்கும் பாட்டில், பெரியது சிறியதாக ஐந்து கத்தரி. பின்பக்கக் கதவைத் திறந்தால் பத்தடிக்குப் பத்தடி முற்றம். அந்த முற்றத்தில், மதியம் வரை வெயில் காயும் சுவரை ஒட்டி, இடுப்புயரத்தில் ஒரு செடி. பந்து மாதிரி உருண்டையாக, எந்தப் பக்கம் அளந்தாலும் ஒரே அளவாக, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய பிள்ளையின் தலை மாதிரி ஒழுங்காக.

அதன் பெயர் முந்திரிக்கொட்டை. கடித்துத் தின்கிற கொட்டைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எல்லாவற்றிலும் முந்திக்கொண்டு போய் நிற்கிற ஆளை நாம் திட்டுவோமே, அந்த அர்த்தத்தில் மச்சான் வைத்த பெயர்.

மச்சான் என்பவர் மில்லிமீட்டரின் மனைவிக்கு அண்ணன். அரைநாள் பஸ் பயணத் தொலைவில் ஒரு பெரிய பூங்கா. அதன் நாற்றங்காலில் முப்பது வருடம் மண்ணோடு மண்ணாகக் கிடந்தவர். கல்யாணம் பண்ணிக்கொள்ள மறந்துவிட்டார். எட்டு வருடத்துக்கு முன்னால், ஓய்வு பெற்ற மறுநாள், டின் டப்பாவில் ஒரு குச்சியை நட்டு, பச்சைக் குழந்தையை வைத்துக்கொள்வதுபோல் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார்.

"மாப்ளே, இது ஊர்ல வேற எங்கயும் கிடையாது. எங்க பூங்காவுல ஒரே ஒரு தாய்ச்செடி இருந்துச்சு. போன மாசம் கால்வாய் வெட்டுறேன்னு அதைப் பிடுங்கி எறிஞ்சிட்டாங்க. அதுக்கு முன்னாடியே நான் மூணு பதியன் போட்டு வச்சிருந்தேன். ஒண்ணு எங்க சூப்பிரண்டு வீட்டுக்குப் போச்சு. அந்தம்மா பாசத்துல தினம் ரெண்டு குடம் தண்ணி ஊத்தி வேரை அழுக வச்சிருச்சு. இன்னொண்ணைத் தொட்டியோட எவனோ தூக்கிட்டுப் போயிட்டான். மூணாவது இது. உங்களை நம்பித் தர்றேன்."

"என்ன விசேஷம் மச்சான் இதுல?"

"குளிர் போறதுக்கு முன்னாடியே பூத்துரும். மத்த செடியெல்லாம் இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்கும்போது இது மட்டும் எந்திரிச்சு நிக்கும். இலையே இருக்காது, வெறும் குச்சி, குச்சி பூரா வெள்ளைப் பூ. நாலே இதழ், ஓரத்துல லேசா ரோஸ். பாதாம் மாதிரி வாசம்."

"கொட்டை காய்க்குமா?"

"காய்க்காது. பேச்சுல முந்தாம கேளுங்க."

மில்லிமீட்டர் அவரை நாற்காலியில் உட்காரவைத்து முகத்துக்கு நுரை போட்டுக்கொண்டே கேட்டார். சுவரோரமாக நட வேண்டும்; பகல் வெயிலைச் சுவர் வாங்கி வைத்துச் செடிக்குக் கொடுக்கும். குழியில் கல்லும் மணலும் போட்டு, தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எரு அதிகம் போடக்கூடாது. போட்டால் சோம்பேறிப் பணக்காரன் மாதிரி இலையை மட்டும் பெருக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடும். வெட்டுவது பூத்து முடிந்த உடனே, வருடத்துக்கு ஒரே ஒரு தடவை. மில்லிமீட்டர் ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டார். அவருடைய கேட்கும் திறனில் வரலாறு எந்தக் குறையும் காணவில்லை.

குறை வேறு இடத்தில் இருந்தது. பூத்து முடிந்த உடனே வெட்டு என்றால், பூக்காத வருடத்தில் எப்போது வெட்டுவது? முதல் வருடம் செடி சின்னது, பூக்கவில்லை. கோடையிலும் மழையிலும் கிளைகள் கன்னாபின்னாவென்று நாலாபக்கமும் நீட்டிக்கொண்டு நின்றன. இலையெல்லாம் கொட்டிய குளிர்காலத்தில் பார்த்தால், மூன்று மாதம் கடைப்பக்கம் வராத தலை மாதிரி இருந்தது. தலையை அப்படியே விட்டுவிட்டு இவர் கடைக்குள் போய் நிம்மதியாக டீ குடித்துவிடுவார் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு இவரைத் தெரியாது. பின்பாதிக் குளிரில் ஒருநாள், இருப்பதிலேயே பெரிய கத்தரியை எடுத்துக்கொண்டு போய் உருண்டையாக வெட்டிவிட்டு வந்தார்.

இரண்டாம் வருடம் வெட்டப் போனபோதுதான் அதைக் கவனித்தார். குச்சிகளை ஒட்டி, கணுவுக்குக் கணு, கறுப்பும் ஊதாவும் கலந்த நிறத்தில் பொடிப்பொடியாக என்னவோ அப்பிக்கொண்டிருந்தது. இப்படிப்பட்டவற்றை அவர் ஆயிரக்கணக்கான தலைகளில் பார்த்திருக்கிறார். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது.

"அடப்பாவமே, செடிக்குப் பேன் பிடிச்சிருச்சு!"

பேன் பிடித்த தலைக்குச் சலூன்காரருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: ஒட்ட வெட்டுவது. ஒட்ட வெட்டினார். வெட்டியது போக மிச்சம் நின்ற குச்சிகளைப் பேன்சீப்பை வைத்து மேலிருந்து கீழே வரட்டு வரட்டென்று வாரினார். பொலபொலவென்று உதிர்ந்தது. செடிக்கு மறுஜென்மம் கொடுத்த திருப்தியோடு கையைக் கழுவினார். மூன்றாம் வருடமும் பேன். நாலாம் வருடம் இன்னும் அதிகப் பேன். அவரும் விடவில்லை.

இதற்கு நடுவில் அந்த போன் வந்தது. மூன்றாம் வருடம், குளிர் முடியும் சமயம். ஒரு தலை பாதி வெட்டியபடி உட்கார்ந்திருந்தது.

"மாப்ளே, பூத்துச்சா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஆனால் அந்தக் கேள்வியில் இருந்த ஆசை அவர் வாயைப் பிடித்துத் திருப்பிவிட்டது.

"பூத்துச்சு மச்சான்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் ஓசை. "எத்தனை பூ இருக்கும்?"

"ஒரு... நூறு இருக்கும்."

அவ்வளவுதான், அகப்பட்டுக்கொண்டார். அடுத்த வருடம் குறைத்துச் சொல்ல முடியுமா? நூற்றைம்பது என்றார். பிறகு இருநூற்றுப் பத்து. இருநூற்றுப் பத்து என்பதில் அந்தப் பத்துதான் முக்கியம் என்று அவருக்குத் தெரியும். அளவெடுக்கிற தொழில் இல்லையா? ஏழாம் வருடம் எண்ணிக்கை அறுநூறைத் தாண்டியிருந்தது. மச்சான் நேரில் வந்தது இரண்டே தடவை, இரண்டும் கோடையில். தழைத்து நின்ற உருண்டையைத் தடவிப் பார்த்து, "பூத்ததும் வெட்டியிருக்கீங்க, நல்ல கை மாப்ளே உங்களுக்கு" என்றார். மில்லிமீட்டர் தலையைக் குனிந்துகொண்டார். அதை அடக்கம் என்று மச்சான் எடுத்துக்கொண்டார். மில்லிமீட்டரின் மனைவியும் நம்பினாள். கடையைத் தாண்டித்தான் முற்றத்துக்குப் போக வேண்டும்; ஆண்கள் பாதி முகத்தோடு உட்கார்ந்திருக்கும் இடத்தில் அவள் காலை வைத்ததில்லை.

எட்டாம் வருடம் மச்சானைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அது இந்த ஊரிலேயே இருந்தது. மனைவி தினமும் போய்வந்தாள். ஒருநாள் மதியம் பஸ்ஸிலிருந்து நேராகக் கடைக்கு வந்து, வழக்கம்போல் தெருவிலேயே நின்றுகொண்டு உள்ளே பார்த்துப் பேசினாள். மில்லிமீட்டர் அப்போது பக்கத்துக் கடை ஜெராக்ஸ்காரருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார்.

"என்னங்க, டாக்டர் சொல்லிட்டாரு. மூணு வாரம்தானாம்."

கடையில் ரேடியோவை அணைத்தார்கள்.

"அண்ணன் ஒண்ணே ஒண்ணுதான் கேக்குது. முந்திரிக்கொட்டை பூத்ததும் ஒரு கிளை கொண்டாந்து கண்ணுல காட்டணுமாம். இன்னும் மூணு வாரத்துல பூத்துருமாம். இப்பவே மொட்டு வந்திருக்குமாமே, மிளகு மாதிரி, கறுப்பா ஊதாவா, குச்சியை ஒட்டிக்கிட்டு... எவ்வளவு இருக்குன்னு எண்ணிட்டு வரச் சொல்லுச்சு."

"மிளகு மாதிரியா?"

"ஆமாங்க. போன கோடைக்கு வளர்ந்த குச்சியிலதான் வருமாம். ஏன், இல்லையா?"

மில்லிமீட்டரின் கத்தி இருந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

"அண்ணே," என்றார் ஜெராக்ஸ்காரர், உதட்டை அசைக்காமல். "கழுத்துலேர்ந்து கத்தியை எடுத்துட்டு அப்புறம் அதிர்ச்சி ஆகுங்க."

"இருக்கு, எண்ணிச் சொல்றேன்" என்று மனைவியை அனுப்பிவைத்தார். முந்தாநாள்தான் வெட்டியிருந்தார். இந்த வருடம் பேன் கொஞ்சநஞ்சமில்லை. வெட்டுவதற்கு முன்பும் பின்புமாக ஒரு மணி நேரம் வாரியிருந்தார். முற்றத்துக்கு ஓடிப் பார்த்தார். எஃகுக் கம்பிகளைக் கட்டி வைத்தது மாதிரி மொட்டைக் குச்சிகள். ஒரு மொட்டு இல்லை. மண்ணில் குனிந்து தேடினார். அவருடைய சுத்தம் ஊர் அறிந்தது, மண்ணையும் பெருக்கியிருந்தார். பெருக்கியது எங்கே போனது? கடையில் விழும் முடியோடு சேர்த்துச் சாக்கில். சாக்கு எங்கே? பதினைந்து நாளுக்கு ஒருமுறை எல்லாக் கடைகளிலும் முடிமூட்டை எடுக்கிறவன் இன்று காலையில்தான் வந்துபோனான்.

எட்டு வருடம். முதல் வருடம் போக ஏழு வருடமும் செடி பூக்க முயன்றிருக்கிறது. ஏழு வருடமும் இவர் ஒவ்வொரு மொட்டாகச் சீப்பால் வாரி எடுத்திருக்கிறார். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஜெராக்ஸ், உன் ஸ்கூட்டர் இருக்கா?"

"இருக்கு. ஆனா என் வலது கன்னம் இன்னும் பாக்கியிருக்கே!"

"கன்னம் எங்கயும் போயிராது. கிளம்பு!"

ஒரு கன்னம் மழித்தும் ஒரு கன்னம் நுரையுமாக ஒருவர் ஓட்ட, பின்னால் கையில் சவரக்கத்தியோடு ஒருவர் உட்கார்ந்து "சீக்கிரம், சீக்கிரம்" என்று கத்திக்கொண்டு போன காட்சியைப் பற்றித் தெருவில் இன்றுவரை மூன்று விதமான கதைகள் உண்டு. மூன்றிலும் ஜெராக்ஸ்காரர்தான் பாவம்.

தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருந்த கிடங்கில் ஊரின் அத்தனை சலூன் முடியும் மூட்டை மூட்டையாகக் குவிந்திருந்தது.

"உங்க மூட்டை எதுன்னு கேட்டா எனக்கு எப்படித் தெரியும்?" என்றான் மூட்டைக்காரன். "முடியில பேரா எழுதியிருக்கு?"

"எனக்குத் தெரியும்," என்றார் மில்லிமீட்டர். ஒவ்வொரு சாக்காகப் பிரித்துக் கையை விட்டு, ஒரு பிடி எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். "இது என் வெட்டு இல்ல... இதுவும் இல்ல, எவனோ தாறுமாறாப் போட்டிருக்கான்... சே, இதெல்லாம் ஒரு வெட்டா?" துக்கத்திலும் தொழில் அவரை விடவில்லை. பதினோராவது சாக்கில் கை நின்றது. எல்லா முடியும் ஒரே நீளம். தரையில் கவிழ்த்து அதன்மேலேயே உட்கார்ந்து துழாவினார். ஒரு குச்சி. இன்னொரு குச்சி. கண்ணீர் வழிந்த கன்னத்தில் ஊராரின் முடி ஒட்டி, போகப்போக அவருக்கே தாடி முளைத்துக்கொண்டு வந்தது. முப்பத்தேழு குச்சிகள் கிடைத்தன. சில விரல் நீளம், சில சாண் நீளம். வாரியதில் தப்பிய மொட்டுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தன.

இனி என்ன செய்வது என்று தெரிந்த ஒரே மனிதர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். அவரிடமே போனில் கேட்டார்.

"மச்சான், சும்மா தெரிஞ்சுக்கக் கேக்குறேன். வெட்டின குச்சியைத் தண்ணியில வச்சா பூக்குமா?"

"பாத்தியா, எனக்கு முன்கூட்டியே காட்டணும்னு தவிக்கிறாரு," என்று பக்கத்தில் இருந்த தங்கையிடம் அந்தக் குரல் சொன்னது. குரல் நூலாக இளைத்திருந்தது. "பூக்கும் மாப்ளே. நுனியை மறுபடி சாய்வா வெட்டுங்க, தண்ணிக்குள்ள வச்சே வெட்டுங்க. வெதுவெதுன்னு இருக்கிற தண்ணியில அரைநாள் முழுசாப் படுக்கப் போடுங்க. அப்புறம் பாட்டில்ல நிறுத்துங்க. வெளிச்சம் வேணும், சூடு வேண்டாம். அடுப்புப் பக்கம் வச்சீங்கன்னா மொட்டு காய்ஞ்சிரும். ரெண்டு வேளை தண்ணி தெளிங்க. ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணி மாத்துங்க. ஒரு குச்சி போதும், நிறைய வெட்டிராதீங்க. செடி பாவம்."

"சரி மச்சான்," என்றார் மில்லிமீட்டர். செடி பாவம் என்ற சொல் காதுக்குள் போய்த் தைத்தது.

கண்ணாடிக்கு முன்னால் இருந்த சவர லோஷன் பாட்டில்கள் காலியாயின. அவற்றில், தெருவிலிருந்து பார்த்தால் தெரியாதபடி, முப்பத்தேழு குச்சிகள் நின்றன. எதிரெதிர்க் கண்ணாடிகளில் அவை முப்பத்தேழாயிரமாகத் தெரிந்தன. அவருடைய பயமும் அதே கணக்கில் பெருகியது. கடைக்குள் தும்மத் தடை. வெந்நீர்ப் பாத்திரம் வெளியே போனது. குளிரில் பச்சைத் தண்ணீரில் சவரம் செய்துகொண்டவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு மச்சானுக்கு நல்ல கதி வேண்டினார்கள். தலைக்குத் தெளிக்கிற பாட்டிலால் குச்சிகளுக்குத் தெளித்தார். நாலாம் நாள் ஒன்பது குச்சி சுருங்கிப்போயின. ஏழாம் நாள் மொட்டுகள் உதிர ஆரம்பித்தன. எதுவும் செய்ய முடியாது; நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். கண்ணாடி மேடையில் பட்டென்று ஒரு மிளகு விழும் சத்தம் கேட்டால் வெட்டிக்கொண்டிருக்கும் தலையை விட்டுவிட்டு ஓடுவார். மனைவி தினமும் தெருவில் நின்று கேட்டாள்: "மொட்டு எப்படி இருக்கு?" தினமும் சொன்னார்: "நல்லா இருக்கு." பன்னிரண்டாம் நாள் மச்சானுக்கு மூக்கில் ஆக்ஸிஜன் குழாய் வைத்தார்கள். அன்று மிச்சம் இருந்தவை ஆறு குச்சி. ஸ்கேலை எடுத்து மொட்டுகளை அளந்தார். நேற்றைவிட அரை மில்லிமீட்டர் பெருத்திருந்ததா, அல்லது அளந்தது ஆசையா? வாழ்க்கையில் முதல்முறையாக அவர் ஸ்கேல் அவருக்குப் பதில் சொல்லவில்லை.

பதினாறாம் நாள் காலையில் கடையைத் திறந்தபோது பாதாம் வாசம் அடித்தது. ஒரு சாண் குச்சியில் மூன்று பூ. நாலே இதழ், ஓரத்தில் லேசாக ரோஸ். இதைப் பார்க்க இவருக்கு எட்டு வருடம் ஆகியிருந்தது. உட்கார்ந்து அழுதார். சுற்றாத நாற்காலியில்தான் உட்கார்ந்தார், சுற்றுவது வாடிக்கையாளருக்கு.

வார்டில் வரிசைக் கட்டில்கள். கடைசிக் கட்டிலில் மச்சான் கிடந்தார். மனைவி ஸ்டூலிலிருந்து எழுந்து இடம் விட்டாள். மில்லிமீட்டர் குச்சியை நீட்டினார். மச்சான் இரண்டு கையாலும் வாங்கி, மூக்குக் குழாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துக்கொண்டார். கண்ணோரம் நனைந்தது. கொஞ்ச நேரம் அந்த வார்டில் எல்லாம் சரியாக இருந்தது.

பிறகு, முப்பது வருடப் பழக்கம், கட்டைவிரல் தானாகக் குச்சியின் அடிப்பக்கம் போனது. தடவியது. நின்றது.

"இது எப்ப வெட்டினது?"

"ரெண்டு வாரம்..."

"இல்ல. சாய்வு வெட்டு ரெண்டு வாரம். இந்த மேல்நுனி அதுக்கும் முன்னாடி. மழுக்கா, நேரா, கத்தரியால வெட்டியிருக்கு. நுனியை எதுக்கு வெட்டணும்? பட்டையில கோடு கோடா என்ன இது, சீப்பு மாதிரி?" இன்னும் தடவினார். "மாப்ளே. இந்த மொட்டுக்குப் பக்கத்துல இருந்த மொட்டெல்லாம் எங்க?"

பொய் சொல்லலாம்தான். ஐந்தாறு வருடம் பழகிய வாய். ஆனால் அந்தக் கட்டைவிரல் இன்னும் அந்த வடுவின்மேல் இருந்தது.

"பேன்னு நெனச்சேன் மச்சான்."

"என்னது?"

"செடிக்குப் பேன் பிடிச்சிருக்குன்னு... வருஷா வருஷம்... ஒட்ட வெட்டி, பேன்சீப்பு போட்டு... இதுவரைக்கும் ஒரு வருஷம்கூடப் பூக்கல. நூறு, இருநூறு எல்லாம் பொய். இந்த மூணுதான் நெஜம்."

மனைவி ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். மச்சான் அவரையே பார்த்தார்.

"அறிவிருக்காடா உனக்கு?" இத்தனை வருடமாக இருந்த 'நீங்க' அந்த இடத்தில் விழுந்து உடைந்தது. "ஒரே செடிடா. உலகத்துல எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான். வருஷா வருஷம் நீ போன்ல எண்ணிக்கை சொல்லும்போது கண்ணை மூடிப் பாத்துக்கிட்டே படுத்திருப்பேனே... பேனா? என் பூ உனக்குப் பேனா?"

அந்தச் சொல்லை இரண்டாம் முறை சொன்னபோது வாய் கோணியது. "சீப்பு போட்டு வாரினானாம்..." என்றார். சிரிக்க ஆரம்பித்துவிட்டார். சிரிப்பு இருமலாகி, இருமல் அழுகையாகி, நர்ஸ் ஓடிவந்து எல்லோரையும் வெளியே தள்ளினாள். வராந்தாவில் நின்றபோது மனைவி அவர் பக்கம் திரும்பவே இல்லை.

மறுநாள் மச்சான் அவரை மட்டும் வரச் சொன்னார். முகம் மழிக்கச் சொன்னார். நுரைக்குள்ளிருந்து ஒவ்வொரு வார்த்தையாகப் பேசினார்.

"இனிமே ஒரு வருஷம் கத்தரியைக் கிட்ட கொண்டுபோகாதீங்க."

"காடு மாதிரி ஆயிருமே மச்சான்..."

"ஆகட்டும். நல்ல வெயில் காலத்துல, பாதி முத்தின குச்சியா, கை நீளம் எடுத்து மணல்ல நடுங்க. ஆறு நட்டா ரெண்டு பிடிக்கும். ஒரே இடத்துல வைக்காதீங்க. கொடுத்துருங்க. ஒரே ஆளை நம்பக் கூடாதுன்னு நான்தான் கத்துக்கல."

கிருதாவை மில்லிமீட்டர் அளக்கவில்லை. ஐந்தாம் நாள் மச்சான் போய்விட்டார்.

அந்த வருடம் மில்லிமீட்டருக்கு எப்படிப் போனது என்று கேட்டால், கோடையில் செடி தழைத்தது, மழையில் பரட்டையானது, அவர் கை அரித்தது. மணலில் நட்ட ஆறில் ஒன்றுதான் பிடித்தது. அதை ஜெராக்ஸ்காரர் வாங்கிக்கொண்டு, "எனக்குக் கத்தரி பிடிக்கவே தெரியாது, அதனால பிழைச்சுக்கும்" என்றார். முற்றத்தை எட்டிப் பார்த்தவர்கள், "உலகத்துக்கெல்லாம் கிராப்பு, சொந்தச் செடிக்குச் சடையா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். மனைவி தினமும் மாலையில் தெருவில் வந்து நின்று கையை நீட்டினாள். பெரிய கத்தரியைப் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போனாள். காலையில் திருப்பிக் கொடுத்தாள். சாப்பாடு, மருந்து, தண்ணீர் மோட்டார் தவிர வேறு பேச்சு கிடையாது. கத்தரியைத் திருப்பிக் கொடுக்கும்போது கை படாமல் பார்த்துக்கொண்டாள்.

இலை கொட்டியது. குளிர் வந்தது. ஒருநாள் காலையில் குச்சிகளில் கணுவுக்குக் கணு அது அப்பியிருந்தது. முதுகுத்தண்டில் பழைய அரிப்பு ஏறியது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எண்ணினார். மூன்று தடவை எண்ணினார். மாலையில் தெருவில் கை நீட்டியவளிடம் சொன்னார்.

"இருநூத்துப் பன்னெண்டு மொட்டு."

அவள் கையை மடக்கிக்கொண்டாள். "நீங்க சொல்ற எண்ணிக்கையை நான் நம்பணுமா?"

செருப்பைக் கழற்றினாள். பாதி முகத்தோடு உட்கார்ந்திருந்த இரண்டு பேர் அவசரமாகத் துணியைக் கழுத்துவரை இழுத்துக்கொள்ள, கடையைக் கடந்து, பின்கதவைத் தள்ளி, முற்றத்தில் இறங்கினாள். அந்தச் செடியை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஒவ்வொரு குச்சியாக, தொடாமல், விரலைக் காற்றில் வைத்து வாய்விட்டு எண்ணினாள். நடுவில் ஒருமுறை எண் தவறியது, முதலிலிருந்து ஆரம்பித்தாள். மில்லிமீட்டர் கதவில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, தீர்ப்புக்குக் காத்திருந்தார்.

"இருநூத்துப் பதினாலு," என்றாள்.

"ரெண்டு... ரெண்டு எப்படி விட்டேன்னு தெரியலம்மா. சத்தியமா மூணு தடவை..."

"சுவர்ப் பக்கம் கீழ ரெண்டு இருக்கு. குனிஞ்சு பாக்கணும்." அவள் அவரைப் பார்க்கவில்லை; அந்த இரண்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "இத்தனை வருஷத்துல முதல்தடவையாக் குறைச்சுச் சொல்லியிருக்கீங்க."

பிறகு கையை நீட்டினாள். அவர் கத்தரியைக் கொடுத்தார்.